செம்பில் நீலம்

அலுவலகத்துக்கு வந்ததும் அந்த அம்மாள் முதல் வேலையாகக் கை கழுவுவார். விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்து, துண்டால் ஒற்றி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றாட விட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். இழுப்பறையிலிருந்து கறுப்பு வெல்வெட் விரித்த சின்னப் பெட்டியை எடுப்பார். அதில் மூன்று செம்புக் காசுகள். விளக்கைப் போட்டு, ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். முதலாவது அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்ததுபோல் சிவப்பு. இரண்டாவது செம்பழுப்பு. மூன்றாவது பழுப்பு. "கண்ணுக்குப் பாடம் எடுக்கணும்ல? ராத்திரி முழுக்கத் தூங்கி எல்லாத்தையும் மறந்துட்டு வந்திருக்கும்" என்பார். பாடம் முடிந்த பிறகுதான் அன்றைக்குத் தரம் பார்க்க வேண்டிய காசுகள் மேசைக்கு வரும்.

வந்ததும் பேச்சு நின்றுவிடும். பொடிநடையாகப் படியேறி வரும்போதே கீழ்த் தளத்துத் தையல்காரரிடம் ஆரம்பித்து, வாசல் காவலாளி, கூட்டுகிற பெண் என்று ஒருவர் விடாமல் வாயடித்துக்கொண்டு வருகிற அம்மாள்தான். காசு ஒன்று உறையை விட்டு வெளியே வந்துவிட்டால் போதும், வாயில் பூட்டு. கூரை இடிந்து விழுந்தாலும் சத்தம் வராது. மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டினால் 'அடுத்தது கொண்டு வா'. இரண்டு தட்டினால் 'எடுத்துக்கொண்டு போ'. இதனால் அந்த அலுவலகத்தில் அவருக்கு 'ஊமை மேடம்' என்று பெயர். அவருக்கும் தெரியும். தொலைபேசியை எடுத்தால் அவரே "ஊமை மேடம்தான் பேசுறேன், சொல்லுங்க" என்பார்.

காரணம் எச்சில். செம்பு ரோஷக்கார உலோகம். பேசும்போது கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கிற ஒரு பொட்டு அதன்மேல் விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. மாதங்கள் கழித்து அந்த இடத்தில் கரும்புள்ளி வைக்கும். வைத்த புள்ளியை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. துடைத்தால் காசே போச்சு. விரல் ரேகையும் அப்படித்தான். வெறும் செம்புக் காசுக்கே இந்தக் கதி என்றால், ஊமை மேடம் பார்ப்பதோ பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புரூஃப் காசுகள். கடைத்தெருவில் புழங்குவதற்காக அடித்தவை அல்ல. நாணயச்சாலைக்காரர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டுவதற்கென்று, அச்சைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நிதானமாக, ஒன்றுக்கு இரண்டு தரம் அழுத்தி எடுத்து, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தவை. முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருக்கும். அந்தக் கண்ணாடி இத்தனை காலம் தாண்டியும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, செம்பு என்ன நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது, யாராவது ஆசைப்பட்டுத் தேய்த்துக் கெடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, தர எண்ணும் நிறமும் சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்டு முத்திரை வைப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். செம்பு என்றால் கடைசி வார்த்தை ஊமை மேடத்துடையது. யாருடைய காசு என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். காசு வெறும் எண்ணாகத்தான் மேசைக்கு வரும்.

வேலைப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. தட்டு, புகைப்படம், பத்திரிகை எதுவானாலும் ஓரத்தில்தான் பிடிப்பார். பணி ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆபரேட்டரான அவர் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கல்யாணப் படத்தைக் காட்டுவார். "பாருங்க, என் கையக்கூட விளிம்புலதான் பிடிச்சிருக்கா. ரேகை பட்டுடும்னு பயம்." அதோடு விடுவாரா? "எங்க வீட்டம்மா வாய மூடணும்னா காசு வேணும் சார். அதுவும் செம்புக் காசு."

இவ்வளவு சிரிப்பான வீட்டில் மூன்று வருஷமாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அதில் உட்காருகிற ஆள் வருவதில்லை. ஊமை மேடத்தின் தம்பி.

தம்பி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவன். எரிந்துபோன பம்பு, மின்விசிறி, அரவை இயந்திரம் எல்லாம் அவன் பட்டறைக்கு வரும். "எங்க ரெண்டு பேருக்கும் செம்புதான் சோறு போடுது. நீ உக்காந்துகிட்டுத் திங்கிற, நான் சுத்திகிட்டுத் திங்கிறேன்" என்று அக்காவைச் சீண்டுவான். அக்கா வாயால் கேட்டுக் கேட்டு அவனுக்கும் பைத்தியம் பிடித்துப் பழைய செம்புக் காசு சேர்க்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளுக்கொரு லென்ஸை வைத்துப் பார்த்து, காசை உறைக்குள் மூடியதும் போடுகிற சண்டையில் கணவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒரு தரம் பழைய சாமான் கடையில் ஆணி, தாழ்ப்பாள் கிடந்த டப்பாவின் அடியில் தம்பிக்கு ஒரு பொட்டலம் கிடைத்தது. பழுத்துப்போன காகிதம். உள்ளே ஒரு ராணியின் தலை போட்ட புரூஃப் செம்பு. அவன் அதை அக்காவிடம் நீட்டவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால், சொந்தத் தம்பியின் காசு என்று ஒதுங்கிக்கொள்வாள். அவனுக்கோ அக்கா வாயால், அவன் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அலுவலகக் கவுண்டரில் மற்றவர்களைப்போல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். வந்த பதில்: பழுப்பு. கண்ணாடி மங்கல். சாதாரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்திரை வைத்த உறையைக் கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் வைத்தான்.

"அக்கா, இது என்னோடது."

"அடப்பாவி, என்கிட்டயே மறைச்சியா!"

"அது கிடக்கட்டும். நல்லாப் பாருக்கா. ஓரத்துல நீலம் ஓடுது. ராணி கழுத்துக்கிட்ட ஊதா. மயில்கழுத்து மாதிரி இருக்கு. நீ எப்படி விட்டே?"

அக்கா பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். பழுப்பு. வெறும் பழுப்பு. தம்பி என்பதற்காக இல்லாத நிறத்தை இருக்கிறது என்று சொல்கிற ஆளா அவர்? கோபம்கூட வந்தது. தன் நேர்மைக்கே விலை பேசுகிறானே என்று பட்டது.

"ஆசை இருக்க வேண்டியதுதான், அதுக்காக செம்புல நீலம் தெரியுதுன்னா எப்படி? உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சுடா. முதல்ல நல்ல கண் டாக்டராப் பாரு."

சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தார். அவன் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்தான். "சரிக்கா" என்றான். பிறந்ததிலிருந்து அக்கா சொன்ன எதற்கும் மறுபேச்சில்லாமல் சரி சொல்லாதவன். அந்த இரண்டு எழுத்துதான் அவருக்கு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. வேலை அதிகம், உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம். பிறகு அதுவும் இல்லை. "அவனுக்கு ரோஷம் அதிகம். உண்மையச் சொன்னா கசக்கத்தான் செய்யும்" என்று இவரும் வீம்பாக இருந்துவிட்டார். ஆனால் அந்த நாற்காலியில் யாராவது உட்காரப் போனால் "அதுல வேணாம், இப்படி உக்காருங்க" என்பார்.

பிறகு ஊமை மேடத்துக்குக் கண்புரை என்றார்கள். இரண்டு கண்ணிலும். முதலில் வலது கண்ணைச் செய்வோம், இடது கண்ணைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் கூடத்தில் அப்படியே நின்றார்.

"திரைய எப்ப மாத்துனீங்க?"

"யாரு மாத்துனா? அதே திரைதான்" என்றார் கணவர்.

"அது சாம்பல் கலர்ல இருந்துச்சே."

"வாங்குன அன்னைக்கே நீலம்னுதான் சொன்னேன். நீதான் போகப்போக சாம்பல் சாம்பல்னு சாதிச்ச. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அவர் இடது கண்ணைக் கையால் மூடினார். நீலம். வலது கண்ணை மூடினார். சாம்பல். குழந்தைபோல் மாற்றி மாற்றி மூடித் திறந்து வீடு முழுக்கச் சுற்றினார். குளியலறை வாளி நீலம். கணவரின் பழைய சட்டையில் நீலக் கோடு. வானம், கேட்கவே வேண்டாம். சிரித்துக்கொண்டேதான் சுற்றினார். சமையலறை வாசலில் சிரிப்பு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டார். கணவர் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். ஊமை மேடத்துக்கு வந்தது மயக்கமில்லை, பயம்.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன மறுநாளே படியேறினார். தையல்காரர் "கண்ணு எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டதற்கு "இருக்கு" என்று மட்டும் சொன்னதில் அந்த மனிதருக்குக் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. கை கழுவினார். வெல்வெட் பெட்டியைத் திறந்து மூன்று காசுகளையும் வலது கண்ணால் ஒரு தரம், இடது கண்ணால் ஒரு தரம் பார்த்தார். சாயல் மாறியிருந்தது. ஆனால் சிவப்பு சிவப்பாகவும், செம்பழுப்பு அதற்கு அடுத்ததாகவும், பழுப்பு பழுப்பாகவும் வரிசை மாறாமல் இருந்தன. உயிர் வந்தது. புரை கண்ணில் மஞ்சள் பூசினாலும், பாடம் சொல்கிற காசுக்கும் பரீட்சைக்கு வருகிற காசுக்கும் சேர்த்தேதான் பூசியிருக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொன்னதில் பிசகில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெட்டியில் நீலக் காசு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. தினம் தினம் கண்ணுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு பாடத்தை மட்டும் எடுக்கவே இல்லை. கண்ணும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, மறந்ததையும் சொல்லாமல் இருந்துவிட்டது.

அன்றைய மூன்றாவது காசிலேயே வந்தது. பழைய காகிதத்தின் சாரம் இறங்கி, விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலம் படர்ந்த புரூஃப் செம்பு. வலது கண்ணுக்கு நீலம். இடது கண்ணுக்குப் பழுப்பு, மங்கல். மேசையில் தட்டினார். ஒன்றில்லை, இரண்டில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளிக் காசு பார்க்கிற, எல்லோரும் 'வெள்ளிக்காரர்' என்று கூப்பிடுகிற சக ஊழியர் பதறிப்போய் எழுந்து வந்தார். ஊமை மேடம் காசைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இதுல என்ன நிறம் தெரியுது உங்களுக்கு?"

"நீலம் மேடம்."

"இது மாதிரி முன்னாடியும் வந்துச்சா?"

வெள்ளிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். "வந்துச்சு மேடம்."

"ஏன் சொல்லல?"

"ஆரம்பத்துல சொன்னேன் மேடம். நீங்க பழுப்புன்னீங்க. செம்புல உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுது? என் கண்ணுதான் வெள்ளியப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, நானும் பழுப்புன்னே சொல்லப் பழகிட்டேன்."

அவர் குற்றம் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையை ஊமை மேடத்தால் தாங்க முடியவில்லை. தான் வாய்மூடி வேலை பார்த்தது போதாதென்று, பக்கத்தில் இருந்தவர் வாயையும் அல்லவா மூட வைத்திருக்கிறோம் என்று உட்கார்ந்தபடியே கண் கலங்கினார். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வரக்கூடாதே என்று வெள்ளிக்காரர் கைக்குட்டையைத் தேடினார்.

முதலாளி அறைக்குப் போனார். அண்மை வருஷங்களில் தன் கடைசி வார்த்தையோடு வெளியே போன புரூஃப் செம்பு எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றார். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனாலும் முதலாளி.

"நீலம் படிஞ்சாலும் உறையில பழுப்புன்னுதானே மேடம் போடுறோம்? நீங்க எழுதுனது பொய் இல்லையே. யாரு வந்து கேட்டா?"

"பழுப்புன்னதோட நிறுத்தல சார். மங்கல்னு சொல்லித் தரத்த இறக்கியிருக்கேன். மங்கினது காசு இல்ல, நான்."

"கடைய மூடிடலாங்கிறீங்களா?"

"கடைய மூட வேணாம். என் நாற்காலியக் கொஞ்ச நாள் வெள்ளிக்காரருக்குக் குடுங்க. இன்னொரு கண்ணும் சரியாகட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் காசுகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கவுண்டரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதை ஒட்டும் வரைக்கும் ஊமை மேடம் பொறுத்தார். ஒட்டின அன்றே, வீட்டுக்குக்கூடப் போகாமல், தம்பியின் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் ஒரே கவலை. மன்னிப்பு கேட்பது பெரிய விஷயமில்லை. தம்பியிடம் என்ன கௌரவம்? அந்தக் காசு இருக்க வேண்டும். ஒன்றுக்கும் ஆகாது என்று அக்காவே சொன்ன காசை அவன் யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். அதைவிட மோசம், மங்கல்தானே என்று எலுமிச்சையோ அமிலமோ போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருக்கலாம். அப்படித் தேய்த்திருந்தால் அந்த நீலம் போனது போனதுதான். 'நீ சொன்னது சரி' என்று சொல்வதற்குக்கூடக் கையில் ஒன்றும் இருக்காது.

பட்டறை வாசலிலேயே வார்னிஷ் வாசனை. எங்கே பார்த்தாலும் செம்புக் கம்பிச் சுருள். தம்பி பம்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளிருந்து வந்த கம்பி முனைகளுக்கு நிற உறை மாட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் "இது நீலந்தானே?" என்று கேட்டான். பக்கத்தில் மின்சார டேப் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி "நீலந்தான்" என்றாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "வாங்க அண்ணி" என்று எழுந்தவள் முகத்தில் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எதுக்கு அவன் உன்கிட்டக் கேக்குறான்?" என்றார் ஊமை மேடம்.

தம்பி அடுத்த கம்பியை எடுத்தான். அவள்தான் பேசினாள். மூன்று வருஷமாக அடக்கி வைத்தது.

"நீங்க சொன்னீங்கன்னுதான் கண் டாக்டரப் போய்ப் பாத்தாரு அண்ணி. கண்ணு நல்லா இருக்குன்னாங்க. நம்பல. வேற டாக்டர்கிட்டப் போனாரு. அவரும் அதையேதான் சொன்னாரு. 'அக்கா கண்ணுக்குத் தெரியலன்னா அது இல்லவே இல்ல. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு'ன்னுட்டாரு. அன்னையிலேருந்து ஒரு கம்பி மாட்டணும்னாலும் என்னக் கேட்டுத்தான். மாத்தி மாட்டி யாருக்காவது ஷாக் அடிச்சிட்டா என்ன பண்றதுன்னு பயம். காசு சேக்குறதையும் விட்டாரு. உங்க வீட்டுக்கு வராதது கோபம்னா நினைச்சீங்க? வெக்கம் அண்ணி."

ஊமை மேடத்துக்குப் பேச்சு வரவில்லை. இத்தனைக்கும் எதிரில் காசு எதுவும் திறந்து கிடக்கவில்லை. ரோஷம் ரோஷம் என்று இத்தனை நாள் அவன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தது இப்போது சுட்டது. கடைசியில் கேட்டார்.

"அது இருக்காடா?"

எது என்று அவன் கேட்கவில்லை. பம்பை இறக்கி வைத்தான். வெளியே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கை கழுவினான். காற்றில் நீட்டி உலர்த்தினான். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பொட்டலத்தை எடுத்து வந்தான். பழுப்பு என்று எழுதியிருந்த பிளாஸ்டிக் உறையை உடைத்துப் போட்டுவிட்டு, காசைப் பழையபடி அதன் காகிதத்திலேயே சுற்றி வைத்திருந்தான்.

"தேச்சியா?" என்றார், கேட்கவே பயந்து.

"செம்பப் போயித் தேப்பேனாக்கா?"

ஜன்னலோரம் சுத்தமான துணி விரித்துப் பிரித்தான். ஊமை மேடம் குனிந்தார். முதலில் வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் பார்த்த அதே காசு. பழுப்பு, மங்கல், சாதாரணம். பிறகு கையை இடது கண்ணுக்கு மாற்றினார்.

விளிம்பிலிருந்து நீலம் கிளம்பி, எழுத்துகளுக்குள் புகுந்து, ராணியின் கழுத்துக்கு அருகில் ஊதாவாகத் திரும்பியது. காசைத் தம்பி லேசாகச் சாய்த்தான். நீலம் பச்சையாகி மறுபடி நீலமானது. அடியில் கண்ணாடி, கீறல் விழாத கண்ணாடி, அதில் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. இவ்வளவு காலம் செம்பு பார்த்ததில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. பார்த்தும் இல்லை என்று சொல்லிவிட்டார். தம்பி காசைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே, தீர்ப்புக்கு நிற்கிறவனைப்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விரலால் தட்டிக் காட்ட அங்கே மேசை இல்லை. காசை மூடும் வரைக்கும் பொறுக்கவும் முடியவில்லை. திறந்து கிடந்த செம்புக்கு நேர் மேலே, வாழ்நாளில் முதல் தடவையாக, ஊமை மேடம் வாயைத் திறந்தார்.

"இருக்குடா! நீ சொன்ன மயில்கழுத்து இருக்கு. உன் கண்ணுல ஒரு குத்தமும் இல்லடா, எனக்குத்தான்…"

சட்டென்று தம்பியின் கை நீண்டது. காசின்மேல் படாமல், ஒரு விரற்கடை உயரத்தில், உள்ளங்கையைக் குடைபோல் கவிழ்த்துப் பிடித்தான். அக்கா அழுதுகொண்டே பேசினார், பேசிக்கொண்டே போனார். அவர் பேசி முடிக்கும்வரை அவன் அந்தக் கையை எடுக்கவில்லை.